வேகத்தைக் கூட்டினால் மெதுவாகும் டிவி பாக்ஸ்: ஆர்கே3229 செயலியின் ஓவர்கிளாக்கும் சூடும்

சோகநாசினி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில், நாளிதழ்களின் இணையப் பதிப்பைப் படிக்க வரும் பெரியவர்களும், அரசு வேலைக்கான பி.எஸ்.சி. அறிவிப்புகளைத் தேடி வரும் இளைஞர்களும், உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப வரும் மாணவர்களும் பயன்படுத்துவதற்கென்று ஒரு டிவி பாக்ஸை வைத்திருக்கிறோம். கணினி வாங்கும் அளவுக்கு நிதி சேரவில்லை என்பதால், சந்தையில் கிடைத்த மிக மலிவான பெட்டி ஒன்றை வாங்கி, அதிலிருந்த ஆண்ட்ராய்டை நீக்கிவிட்டு ஆர்ம்பியன் லினக்ஸை நிறுவி, ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த பழைய மானிட்டரின் பின்புறம் ஒட்டிவிட்டோம். இப்பகுதிப் பிள்ளைகள் பள்ளியிலேயே, கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் கைட் அமைப்பின் உபுண்டு லினக்ஸில் பழகியவர்கள். ஆகவே லினக்ஸ் யாருக்கும் தடையாக இல்லை. வேகம்தான் தடை.

செயலி ராக்சிப் ஆர்கே3229. நான்கு கார்டெக்ஸ் ஏ7 கருக்கள் (கோர்), 1 ஜிபி நினைவகம். தொடக்கத்தில் 1200 மெகாஹெர்ட்ஸ் வரைதான் ஓடியது. டிவைஸ் ட்ரீயில், அதாவது போர்டில் என்னென்ன இருக்கின்றன, எப்படி இயங்க வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பில், மேல்நிலை வேகங்களைத் திறந்துவிட்டால் 1464 வரை போகும் என்று படித்து, அவ்வாறே மாற்றினேன் (இப்படி வேகத்தைக் கூட்டுவதைத்தான் ஓவர்கிளாக் என்கிறார்கள்). மாற்றிய பிறகு முதல் சில நிமிடங்களுக்குப் பக்கங்கள் கண்கூடாக விரைவாகத் திறக்கின்றன. அதன் பின் பெட்டி பழைய 1200இல் இருந்ததைவிடவும் மந்தமாகிவிடுகிறது. வேகத்தையும் வெப்பநிலையையும் ஒரே திரையில் வைத்துக் கவனித்தால், வெப்பநிலை 75 டிகிரியைத் தொட்டதும் வேகம் 816க்கும் 600க்கும் இறங்குகிறது. சற்றுத் தணிந்ததும் 1464க்குத் தாவி, மீண்டும் விழுகிறது. மாலையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் சில சமயம் முற்றாக உறைந்தும் போகிறது.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடிப்பக்கத்து ரப்பர் கால்களை உரித்தால் திருகாணிகள் இருக்கும் என்று நினைத்தேன். திருகாணியே இல்லை, எல்லாம் பிளாஸ்டிக் கொக்கிகள். காலாவதியான ஏடிஎம் அட்டையை விளிம்பில் செருகி மெல்ல நகர்த்தினால் மூடி பிரிகிறது. உள்ளே, செயலியின் மேல் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. தகட்டுக்கும் செயலிக்கும் நடுவே வெள்ளை நிறத்தில், அழுத்தினால் அமுங்குகிற பஞ்சு போன்ற பட்டை ஒன்று இருக்கிறது. தகட்டுக்கு மேலே மூடி வரை விரலளவு இடைவெளிகூட இல்லை.

எங்கள் கட்டடம் ஓடு வேய்ந்தது. சித்திரை வெயிலில் பிற்பகல் அறைக்குள்ளேயே 37, 38 டிகிரி இருக்கிறது. வேகத்தைக் கூட்டியும் வேலை ஏன் குறைகிறது என்பதையும், அதிகம் செலவில்லாமல் இதைக் குளிர்விக்க வழி உண்டா என்பதையும், 1464 என்ற எண்ணைத் துரத்துவதில் பொருள் இருக்கிறதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

வேலந்தாவளம் எழுதியது:

அண்ணா, செயலியைத் தொடுவதற்கு முன் நினைவகத்தைப் பாருங்கள். 1 ஜிபி நினைவகத்தில் இன்றைய பிரவுசரில் நான்கு தாவல்களைத் திறந்தாலே இடம் தீர்ந்துவிடும். தீர்ந்ததும், லினக்ஸின் மையமான கெர்னல், நினைவகத்தில் இருப்பதைப் பகுதி பகுதியாக வெளியே தள்ளத் தொடங்கும். அதை மலிவான இஎம்எம்சியில் (போர்டிலேயே உள்ள சேமிப்புச் சில்லு) தள்ளினால் செயலி 1464இல் ஓடினாலும் 600இல் ஓடினாலும் பயன்படுத்துகிறவருக்கு ஒன்றுதான். நினைவகத்தில் இருப்பதைச் சுருக்கி நினைவகத்திலேயே வைக்கும் இசட்ரேம், ஆர்ம்பியனில் வழக்கமாகவே இயங்கும். அது இயங்குகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, விளம்பரத் தடுப்பு நீட்சி ஒன்றையும் பிரவுசரில் சேர்த்துவிடுங்கள். நாளிதழ்த் தளங்களில் செயலி செய்யும் வேலையில் பெரும்பகுதி விளம்பரங்களுக்காகவே நடக்கிறது என்பதை நீங்களே காண்பீர்கள். அந்த வேலை குறைந்தால் சூடும் குறையும்.

இன்னொன்று, பெட்டி மானிட்டரின் பின்புறம் ஒட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய மானிட்டர் தன் சூட்டை அந்த வழியாகத்தான் வெளியே விடுகிறது. முதலில் அங்கிருந்து பெட்டியை எடுத்துவிடுங்கள்.

நகரி தறி (நகரி, ஆந்திர எல்லை) எழுதியது:

வேலந்தாவளம் நண்பர் சொன்ன இரண்டும் சரி. ஆனால் கேள்வி கேட்டவர் கண்ட ஏற்ற இறக்கம் நினைவகத்தால் வருவதல்ல, வெப்பத்தால் வருவது. அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் ஊரிலும் கத்திரி வெயில் குறைவில்லாததால், விசைத்தறிக் கணக்குகளைப் பார்க்க இதே செயலியுள்ள பெட்டியைத்தான் நான் வைத்திருக்கிறேன்.

ஆர்கே3229க்கான லினக்ஸ் டிவைஸ் ட்ரீயில் ஒவ்வொரு வேகத்துக்கும் அதற்குரிய மின்னழுத்தம் எழுதப்பட்டிருக்கிறது. 816 மெகாஹெர்ட்ஸுக்கு 1 வோல்ட், 1008க்கு 1.175, 1200க்கு 1.275, 1464க்கு 1.4 வோல்ட். ஒரு செயலி தன் டிரான்சிஸ்டர்களை மாறி மாறித் திறந்து மூடுவதில் செலவிடும் மின்திறன், வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். இந்த ஒரே விதியை வைத்துக் கணக்கிட்டால் போதும். 1200இலிருந்து 1464க்குப் போகும்போது வேகம் 22 விழுக்காடு கூடுகிறது. வெப்பமோ ஏறத்தாழ 47 விழுக்காடு கூடுகிறது. 816உடன் ஒப்பிட்டால், 1464இல் வேகம் 1.8 மடங்கு, வெப்பம் மூன்றரை மடங்கு. இதற்கு மேல், மூடிய டிரான்சிஸ்டர் வழியாகவும் சிறிது ஒழுகும் கசிவு மின்னோட்டம் என்று ஒன்று உண்டு. அது சூடு ஏற ஏறத் தானும் ஏறுவதால், ஏற்கெனவே கொதிக்கும் செயலி இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கொதிக்கும்.

அதே டிவைஸ் ட்ரீயில் வெப்ப வரம்புகளும் இருக்கின்றன. 70 டிகிரியில் முதல் எச்சரிக்கை நிலை, 75இல் இரண்டாவது, 90இல் கணினியையே அணைத்துவிடும் நிலை. எச்சரிக்கை நிலையைக் கடந்ததும் கெர்னல் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கும். உங்கள் பெட்டி ஒரு நிமிடத்தில் உருவாக்குகிற வெப்பத்தைத் தகடு வெளியேற்ற முடியாததால், கெர்னல் வேகத்தை மிகக் கீழே இறக்கித்தான் வெப்பநிலையைத் தணிக்க முடிகிறது; தணிந்ததும் 1464க்கு ஏற்றுகிறது; மறுபடியும் அதே கதை. 1200இல் இருந்தபோது செயலி வரம்பை ஒட்டியே நின்றதால் இந்த ஊசலாட்டம் சிறிதாக இருந்தது, சராசரி வேகம் கூடுதலாக இருந்தது. மதகு சிறிதாக இருக்கும்போது வாய்க்காலை மட்டும் அகலப்படுத்தினால் வயலுக்குக் கூடுதல் தண்ணீர் வராது, கரைதான் உடையும். எனவே வெப்பம் வெளியேறும் வழியை முதலில் சரிசெய்யுங்கள். வேகத்தைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

அந்த வழியில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன: செயலியிலிருந்து உலோகத்துக்கு, உலோகத்திலிருந்து பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு, அந்தக் காற்றிலிருந்து அறைக்கு. மலிவான பெட்டிகளில் மூன்றுமே மோசமாகத்தான் இருக்கும், ஆனால் முதலாவதுதான் எளிதில் சரிசெய்யக்கூடியது. நீங்கள் பார்த்த வெள்ளைப் பட்டை, இடைவெளியை நிரப்புவதற்காக வைக்கப்பட்டது. அது 1 மில்லிமீட்டர் தடிமனும், மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1 வாட் என்ற அளவிலான வெப்பக் கடத்துதிறனும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். செயலியின் மேற்பரப்பு 2 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு வாட்டுக்கும் பட்டையின் இருபுறத்துக்கும் நடுவே 5 டிகிரி வேறுபாடு நிற்கும். செயலி 3 வாட் எடுத்தால் அங்கேயே 15 டிகிரி போய்விட்டது. அதே இடத்தில், ஹீட்சிங்க் (வெப்பத்தை வாங்கிக் காற்றுக்கு விடும் உலோகக் கட்டி) நேராகச் செயலியின் மேல் அமர்ந்து, நடுவே பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு, வெப்பம் கடத்தும் பசையான சாதாரண தெர்மல் பேஸ்ட் மட்டும் இருந்தால், அந்த வேறுபாடு ஒவ்வொரு வாட்டுக்கும் அரை டிகிரிகூட இராது. பேஸ்ட்டை அள்ளிப் பூசாதீர்கள். செயலியும் உலோகமும் ஒன்றையொன்று தொட முடியாத நுண்ணிய பள்ளங்களில் இருக்கும் காற்றை வெளியேற்றுவதற்குத்தான் பேஸ்ட்; அலுமினியத்தின் கடத்துதிறன் 200ஐ ஒட்டியது, காற்றினுடையது 0.026 மட்டுமே. பற்பசை பூசினால் போதும் என்று சிலர் சொல்வார்கள்; அது சில நாளில் உலர்ந்து சுண்ணாம்பாகிவிடும், அந்த வேலையே வேண்டாம்.

இரண்டாவது கட்டம் பரப்பளவு. அசையாத காற்றில், ஒரு சதுர மீட்டர் உலோகப் பரப்பு ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 5 முதல் 10 வாட் வரைதான் வெளியேற்றும். 3 வாட்டை 30 டிகிரி வேறுபாட்டுக்குள் வெளியேற்ற வேண்டுமானால், நடுவாக 8 என்று கொண்டு பார்த்தால், 125 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். தீப்பெட்டி அகலத் தகட்டின் இருபுறத்தையும் கூட்டினாலும் அதில் பாதிகூட வராது. எனவே தகட்டுக்குப் பதிலாகத் துடுப்புகள் உள்ள ஹீட்சிங்க் வேண்டும். புதிதாக வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பழுதாகிக் கிடக்கும் எந்த மேசைக்கணினி மதர்போர்டிலும், செயலிக்கு அருகில் உள்ள சிப்செட்டின் மேல் 4 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒன்று இருக்கும். கணினி பழுது பார்க்கும் கடையில் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, அடிப்பரப்பை ஒரு நேர்கோலின் விளிம்பில் வைத்து ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். ஒளி தெரிந்தால் அடி வளைந்திருக்கிறது. கண்ணாடியின் மேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து அதில் தேய்த்துச் சமன்படுத்திக்கொள்ளலாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செயலியைச் சுற்றியுள்ள மின்தேக்கிகள் சில, செயலியைவிட உயரமாக இருக்கக்கூடும். அகலமான ஹீட்சிங்க் அவற்றின் மேல் அமர்ந்தால் ஒன்று செயலியைத் தொடாது, அல்லது இரு முனைகளைக் குறுக்காக இணைத்துவிடும். வெப்பம் தாங்கும் மஞ்சள் பாலிமைடு நாடாவை அடிப்பக்கத்தின் ஓரங்களில் ஒட்டிவிடுங்கள். நடுவில், செயலி தொடும் சதுரத்தில் மட்டும் ஒட்டக்கூடாது. ஹீட்சிங்கை நிலைநிறுத்த, போர்டின் துளைகள் வழியாக மெல்லிய கம்பியைக் கோத்து, இரு பக்கமும் சமமாக இழுத்துக் கட்டலாம். வெப்பப் பசையால் நிரந்தரமாக ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. பிறகு ஒருநாள் எடுக்க நேர்ந்தால் செயலி போர்டைவிட்டுப் பெயர்ந்து வந்துவிடும்.

மூடியில் ஹீட்சிங்குக்கு நேராகத் துளை வெட்டுங்கள். அடியிலும் துளைகள் வேண்டும். காற்று நுழைய வழியில்லாமல் வெளியேற மட்டும் வழி வைப்பதில் பயனில்லை. முடிந்தால் பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, துடுப்புகள் மேலும் கீழுமாக இருக்கும்படி செய்யுங்கள்; சூடான காற்று தானாகவே மேலே ஏறிக் குளிர்ந்த காற்றைக் கீழிருந்து இழுத்துக்கொள்ளும்.

உறைந்துபோவதற்கு மட்டும் வேறு காரணம் இருக்கக்கூடும். சூடு ஏறும்போது, ஒரு கடிகாரத் துடிப்புக்குள் சமிக்ஞை போய்ச் சேர வேண்டிய நேரம் நெருக்கடியாகிறது. அத்துடன் மலிவான 5 வோல்ட் அடாப்டர் முழுச் சுமையில் தளர்ந்துவிட்டால், செயலிக்கு வர வேண்டிய 1.4 வோல்ட்டும் நிலையாக இராது. சுமை இருக்கும்போது போர்டில் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள், 4.7க்கும் கீழே வந்தால் முதலில் அடாப்டரை மாற்றுங்கள். 1.4 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அட்டவணையின் உச்சமே அதுதான். அதைத் தாண்ட வேண்டாம்.

மூணாறு எஸ்டேட் எழுதியது:

இதே பெட்டி எங்கள் வீட்டில் 1464இல், விசிறி இல்லாமல், பெரிய ஹீட்சிங்கும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் என் திறமையல்ல. அறையின் வெப்பநிலை பெரும்பாலும் 20ஐ ஒட்டியே இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் 38 என்றால், அதே வேலைக்கு உங்கள் செயலி என்னுடையதைவிட 18 டிகிரி மேலே நிற்கும். வெப்பம் வெளியேறும் வழியின் தடை எவ்வளவு என்பதுதான் செயலிக்கும் அறைக்கும் உள்ள வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது; அந்த வேறுபாட்டை அறையின் வெப்பநிலையோடு அப்படியே கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். எனவே இணையத்தில் யாராவது தன் பெட்டி 60 டிகிரியைத் தாண்டவில்லை என்று எழுதினால், அவருடைய அறை எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் அதை நம்ப வேண்டும். நீங்களும் உங்கள் அளவுகளை எழுதும்போது அறை வெப்பநிலையைச் சேர்த்தே எழுதுங்கள்.

மலிவான இணையப் பெட்டியைத் திறந்து வேகப்படுத்தும் ஆசை புதிதல்ல. நெட்பிளையன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஐ-ஓப்பனர் என்ற சிறு கருவியை 2000இல் 99 டாலருக்கு விற்றது. 180 மெகாஹெர்ட்ஸ் வின்சிப் செயலி, 16 எம்பி ஃபிளாஷ், கியூஎன்எக்ஸ் இயங்குதளம், தட்டையான திரை. அடக்கவிலைக்கும் குறைவாக விற்றுவிட்டு, மாதச் சந்தாவில் மீட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. வாங்கியவர்கள் அதில் வன்தட்டை இணைத்து முழுக் கணினியாக்க முடியும் என்று கண்டுபிடித்ததும் அந்தக் கணக்கு தப்பியது. செயலியை மாற்றியவர்களும் இருந்தார்கள். வேகமான செயலியை மாட்டியதும், மெல்லிய அந்தக் கருவிக்குள் ஹீட்சிங்குக்கும் விசிறிக்கும் இடம் தேடுவதே அவர்களுக்குப் பெரும்பாடாயிற்று. பெட்டியை வடிவமைப்பவர் அதற்குக் கொடுக்கப்பட்ட செயலியின் வெப்பத்துக்கு மட்டுமே இடம் விடுகிறார், அதிலும் முடிந்தவரை சிக்கனமாகவே விடுகிறார்.

என் கருத்தில், வாசகசாலை போன்ற பொது இடத்துக்கு 1464 தேவையில்லை. 1296 என்று ஒரு படி இருக்கிறது, அதற்கு 1.325 வோல்ட். விசிறி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதில் நிறுத்திக்கொண்டால், பிற்பகலிலும் வேகம் விழாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். பயன்படுத்துகிறவருக்கு வேண்டியது உச்ச வேகமல்ல, சீரான வேகம்.

சோகநாசினி எழுதியது:

மூவருக்கும் நன்றி. சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றின் பலனையும் தனித்தனியே அளந்தேன். எல்லா அளவுகளும் அறை 36 டிகிரியை ஒட்டி இருந்த நேரத்தில், நான்கு கருக்களுக்கும் முழுச் சுமை கொடுத்து, வெப்பநிலை ஓரிடத்தில் நிலைத்த பிறகு எடுக்கப்பட்டவை.

பெட்டியை மானிட்டரின் பின்னாலிருந்து எடுத்து மேசையின் மேல் வைத்ததிலேயே 5 டிகிரி குறைந்தது. விளம்பரத் தடுப்பு நீட்சியால் முழுச் சுமையில் மாற்றம் ஏதும் இராது என்பது தெரிந்ததே. ஆனால் அன்றாடப் பயன்பாட்டில், ஒரு நாளிதழ்ப் பக்கம் திறந்து முடிந்ததும் செயலி அடங்கி உட்கார்ந்துவிடுகிறது, முன்புபோல் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. பொள்ளாச்சியில் கணினி பழுது பார்க்கும் ஒருவர், தூக்கிப்போட வைத்திருந்த மதர்போர்டிலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றிக் கொடுத்தார். வெள்ளைப் பட்டையை உரித்தபோது அது செயலியின் மேல் முழுமையாகக்கூடப் படிந்திருக்கவில்லை என்பது தெரிந்தது. பட்டையின் ஒரு மூலையில் மட்டும் செயலியின் எழுத்துகள் கண்ணாடி பிம்பமாகப் பதிந்திருந்தன, மற்ற மூன்று மூலைகளும் புதிதுபோல் வழவழப்பாக இருந்தன. அதாவது வெப்பம் இத்தனை காலமும் கால்வாசிப் பரப்பின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

புதிய ஹீட்சிங்க், பேஸ்ட், மூடியில் துளை ஆகிய மூன்றும் ஆன பிறகு, 1200இல் வெப்பநிலை 63இல் நின்றுவிட்டது, 1296இல் 68. இரண்டிலும் வேகம் விழவே இல்லை. 1464இல் மட்டும் 75ஐத் தொட்டு, மெதுவாக, முன்பைவிடச் சிறிய அளவில் ஊசலாடுகிறது. அடாப்டரை அளந்தேன், சுமையில் 4.6 வோல்ட் காட்டியது. வேறொன்றை மாற்றிய பிறகு உறைவது நின்றிருக்கிறது.

இப்போது இரண்டு ஐயங்கள் மிச்சம். 4 சென்டிமீட்டர் விசிறி ஒன்று கைவசம் இருக்கிறது, 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. அதை இந்தப் பெட்டியின் 5 வோல்ட்டில் ஓட்டலாமா? அடுத்தது எங்கள் ஊருக்கே உரிய தொல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் செம்மண் தூசி வருவதோடு, சூடான எந்தப் பெட்டியிலும் சிற்றெறும்பு கூடு கட்டிவிடுகிறது, பல்லியும் விடுவதில்லை. துளை வெட்டிய மூடியை அப்படியே விட முடியாது.

நகரி தறி எழுதியது:

அளவுகளை ஒழுங்காகக் கொடுத்ததற்கு நன்றி. இப்படி எழுதினால்தான் பின்னால் படிப்பவருக்குப் பயன்படும். உங்கள் எண்களையே சரிபார்க்கலாம். அறை 36, 1200இல் 63 என்றால் வேறுபாடு 27. விதிப்படி 1296இல் வெப்பம் 1.17 மடங்கு ஆக வேண்டும். 27ஐ அதனால் பெருக்கினால் 31, அறையோடு கூட்டினால் 67 அல்லது 68. நீங்கள் கண்டதும் அதுதான். 1464இல் வேறுபாடு 40ஐ ஒட்டி வரும், 76 ஆகும். எனவே வரம்பில் இடிக்கிறது. சித்திரைப் பிற்பகலில் அறை 38 ஆகும்போது 1296இல் 70ஐத் தொடும் என்பதையும் இதிலிருந்தே சொல்லிவிடலாம். அதாவது விசிறி இல்லாமல் 1296 என்பது உங்கள் ஊருக்கு மயிரிழையில் பொருந்துகிறது, 1200 தாராளமாகப் பொருந்துகிறது.

12 வோல்ட் விசிறியை 5 வோல்ட்டில் ஓட்டலாம். சத்தமே கேட்காது, காற்று குறைவாகத்தான் வரும். ஆனால் துடுப்புகளின் நடுவே மெல்லிய காற்றோட்டம் இருந்தாலே வெப்ப வெளியேற்றம் இரண்டு மூன்று மடங்காகிவிடும் என்பதால் அதுவே போதும். சில விசிறிகள் 5 வோல்ட்டில் தாமாகச் சுழலத் தொடங்குவதில்லை. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தானாகத் தொடங்குகிறதா என்று, விசிறி நன்றாகக் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் சோதித்துப் பாருங்கள். தொடங்காத விசிறி வெறும் தடுப்புதான், அதற்கு அது இல்லாமலிருப்பதே மேல். தொடங்காவிட்டால் 5 வோல்ட்டுக்கென்றே உள்ள விசிறியை வாங்கிக்கொள்ளுங்கள்.

எறும்புக்கும் பல்லிக்கும் கொசுவலைத் துணியைவிட, ஜன்னலுக்கு அடிக்கும் அலுமினிய வலை நல்லது. ஆனால் எந்த வலையும் காற்றைக் கொஞ்சம் தடுக்கும். ஆகவே துளையின் பரப்பைப் பெரிதாக வெட்டி, வலையை உள்ளிருந்து ஒட்டுங்கள். விசிறி காற்றைப் பெட்டிக்குள் தள்ளும்படி வைத்தால், காற்று வலை உள்ள ஒரே வழியாக நுழையும், மற்ற இடுக்குகளில் வெளியேறும். தூசி படிவதும் அந்த ஒரு வலையில்தான். வெளியே இழுக்கும்படி வைத்தால் ஒவ்வொரு இடுக்கின் வழியாகவும் தூசி உள்ளே வரும். வைஃபை ஆன்டெனா போர்டின் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று பார்த்து, வலை அதன் மேல் வராதபடி ஒட்டுங்கள். இல்லையென்றால் வேகம் செயலியில் கிடைத்து வைஃபையில் போய்விடும்.

1464ஐச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இன்னும் இருந்தால், வாசகசாலையின் நிறுவலில் சோதிக்காதீர்கள். தனியாக ஒரு எஸ்டி அட்டையில் ஆர்ம்பியனை எழுதி அதிலிருந்து தொடங்குங்கள். எல்லையில் ஓடும் செயலி உறைந்துபோவதைவிட, உறையாமல் தவறான விடையைக் கொடுத்து, அதைக் கோப்பில் எழுதிவிடுவதுதான் ஆபத்து. அது இஎம்எம்சியில் நடந்தால் ஒருநாள் பெட்டி தொடங்காது, காரணமும் தெரியாது. செயலிக்கு முழுச் சுமை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜி நிரலை, விடைகளைச் சரிபார்க்கும் தெரிவோடு இயக்கி, பிற்பகல் இரண்டு மணி வெயிலில் ஓடவிடுங்கள். கார்டெக்ஸ் ஏ7க்கென்றே எழுதப்பட்ட சிபியுபர்ன் நிரலும் இருக்கிறது. அதில் வரும் வெப்பம் எந்த பிரவுசரிலும் வராது.

வேலந்தாவளம் எழுதியது:

விசிறியின் கம்பிகளை யுஎஸ்பி முனையில் செருகாதீர்கள் அண்ணா. இந்தப் பெட்டியில் இருப்பதே இரண்டு முனைகள், விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் வேண்டும். அடாப்டர் வந்து சேரும் வட்டத் துளைக்குப் பின்னால், போர்டின் அடிப்பக்கத்தில் 5 வோல்ட்டும் கிரவுண்டும் வெளியே தெரியும், அங்கேயே பற்றவைத்துவிடலாம். பற்றவைக்குமுன் மல்டிமீட்டரால் எது எது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கையில் சால்டரிங் அயர்ன் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம்தான் வருகிறேன், எடுத்து வருகிறேன்.